இரும்பு உருகும் ஊரில் இரத்த சோகை

சென்னையிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் ரயில் வண்டியில் ஏறி அமர்ந்து, கத்திவாக்கம் கடந்ததும் ஜன்னல் வழியே நோக்குவோருக்குப் புதிய இந்தியாவின் தொழில் வலிமை கண்ணெதிரே விரியும். அத்திப்பட்டு, மீஞ்சூர் ஆகிய ஊர்களுக்கு அண்மையில் வள்ளூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வானளாவி நிற்கின்றன. 1,500 மெகாவாட் மின்சாரம் ஆக்கும் ஆற்றல் அந்த ஒரு நிலையத்துக்கு உண்டு. இன்னும் வடக்கே போனால் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. அங்கே பழைய இரும்பை உருக்கிக் கட்டிகளாக வார்க்கிறார்கள். கட்டிகளை மீண்டும் காய்ச்சிக் கட்டடக் கம்பிகளாக இழுக்கிறார்கள். நம் நகரங்களில் எழும் மாடிகளுக்குள் மறைந்திருக்கும் எலும்புகளில் ஒரு பகுதி இந்த உலைகளில் பிறந்தது.

மனித சரீரத்துக்கும் இரும்பு வேண்டும். ஆனால் டன் கணக்கில் அன்று. வயது வந்த ஒரு மனிதனின் உடம்பிலுள்ள இரும்பு முழுவதையும் திரட்டினால் மூன்று அல்லது நான்கு கிராம் தேறும். சிறிய ஆணி ஒன்று செய்யலாம். இந்த அற்ப அளவில் குறைவு நேர்ந்தாலும் மனிதன் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்குகிறான். இரும்பு இவ்வளவு மலிந்து கிடக்கும் இதே பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைத் தாலூகாக்களில், ஏரிக்கரைகளிலும் செங்கற்சூளை ஓரங்களிலும் குடிசை கட்டி வாழும் ஒரு பழங்குடி மக்களுக்கு அந்த ஆணியளவு இரும்பு கிட்டுவது அரிதாக இருக்கிறது என்பதை என்னவென்று சொல்வது?

நாம் குறிப்பிடுவது இருளர்களை. வில்லியர் என்றும் இந்தப் பக்கத்தில் அவர்களை அழைப்பதுண்டு. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தமிழ் நாட்டில் அவர்கள் தொகை சுமார் 1,89,000. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் சேர்த்து, விசேஷ பாதுகாப்புக்குரிய ஆறு பழங்குடிகளுள் ஒன்றாக இருளரையும் சர்க்கார் வகுத்திருக்கிறது. ஆதிவாசிகளின் சேவையைக் காந்தியடிகள் தமது நிர்மாணத் திட்டத்தில் ஓர் அங்கமாகவே சேர்த்தார். சுயராஜ்யம் வந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும், அந்த அங்கத்தில் இரத்த ஓட்டம் போதவில்லை என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சு ஆகாது.

இரத்த சோகை நம் நாட்டில் எல்லோரையும் பீடிப்பதுதானே, இதில் இருளருக்கு மட்டும் என்ன விசேஷம் என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்த சோகை உடையவர்கள். தேச முழுவதையும் எடுத்துக்கொண்டாலோ, பழங்குடிப் பெண்களிடையே இந்த விகிதம் மற்றவர்களைவிட அதிகம். ஆயினும் இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்தது அந்தப் பொதுவான சோகையை அன்று. அதனோடு சிறுநீரக நோயும் கைகோத்துக் கொள்ளும்போது விளையும் சங்கடத்தை. தனித் தனியே வந்தால் சமாளிக்கக் கூடிய இரண்டு சத்துருக்கள் கூட்டுச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

சிறுநீரகம் செய்யும் இரகசிய வேலை

சிறுநீரகம் என்றால் கழிவை வடிகட்டும் யந்திரம் என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது உண்மைதான், நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை அது வடிகட்டி, மிகப் பெரும் பகுதியை மீண்டும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் அதற்கு வேறோர் உத்தியோகமும் உண்டு. இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் அதை முதலில் உணர்வது சிறுநீரகமே. உணர்ந்தவுடன் 'எரித்ரோபொயட்டின்' என்னும் ஒரு ரஸத்தைச் சுரந்து, எலும்பு மஜ்ஜைக்குத் தூது அனுப்புகிறது. அந்தத் தூது கிடைத்தால்தான் மஜ்ஜை புதிய சிவப்பு அணுக்களை உண்டாக்கும்.

இப்படி ஒரு தூதன் இருக்க வேண்டுமென்று 1906-இல் பாரிஸ் நகரில் கார்னோ என்பவரும் டிப்லாந்தர் என்னும் அம்மையாரும் முயல்களை வைத்து ஊகித்தார்கள். அவன் புறப்படும் இடம் சிறுநீரகமே என்பதை 1957-இல் சிகாகோ நகரத்து ஜாக்கப்ஸனும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். ஆனால் தூதனைக் கையோடு பிடிக்க மேலும் இருபது வருஷங்கள் பிடித்தன. அந்தக் கதை சுவையானது. ஒரு வகைக் கடுஞ் சோகையால் வாடிய ஜப்பானிய நோயாளிகளின் மூத்திரத்தில் இந்த ரஸம் மிகுதியாக இருந்தது. மியாக்கே என்னும் ஜப்பானிய வைத்தியர் 2,550 லிட்டர் மூத்திரத்தைப் பொறுமையோடு சேர்த்து வற்றச் செய்து, அதை எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குச் சென்றார். அங்கே கோல்ட்வாஸரும் அவரும் சேர்ந்து அதைச் சுத்தி செய்தபோது கிடைத்தது சில மில்லிகிராம். 1977-இல் அதன் விவரம் வெளியாயிற்று. பின்னர் அதன் மரபணுவைக் கண்டு பிரதி எடுத்தார்கள். 1989-இல் அமெரிக்காவில் ஊசி மருந்தாக அனுமதி பெற்றது. இன்று நம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் அதைப் போடுகிறார்கள்.

சிறுநீரகம் கெட்டால் தூதன் வருவதில்லை; மஜ்ஜை தூங்கிவிடுகிறது. வழக்கமாக 120 நாள் உயிர் வாழும் சிவப்பு அணு, அசுத்தம் தேங்கிய இரத்தத்தில் அத்தனை நாள் தாங்குவதில்லை. போதாக்குறைக்கு, நோயின் அழற்சியால் கல்லீரல் 'ஹெப்ஸிடின்' என்ற வேறொரு பொருளை அதிகமாகச் சுரக்கிறது. இதை ஒரு கடுமையான கஜானா அதிகாரிக்கு ஒப்பிடலாம். குடலிலிருந்து இரும்பு உள்ளே வரும் வாசலை அது சாத்துகிறது. உள்ளே சேமித்த இரும்பையும் வெளியே விடாமல் பூட்டு மாட்டுகிறது. களஞ்சியத்தில் நெல் இருந்தும் ஊரில் பஞ்சம் என்பதுபோல, உடம்பில் இரும்பு இருந்தும் மஜ்ஜைக்குக் கிடைக்காத நிலைமை உண்டாகிறது.

இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிஸிஸ் யந்திரத்தை நாடியவர்களுக்கு இன்னொரு நஷ்டம். ஒவ்வொரு முறையும் குழாய்களில் சிறிது இரத்தம் தங்கிவிடுகிறது. அடிக்கடி பரிசோதனைக்கும் எடுக்கிறார்கள். இவ்விதம் வருஷத்துக்கு ஒன்று முதல் மூன்று கிராம் வரையில் இரும்பு போய்விடக்கூடும். முன்பு சொன்ன மூன்று, நான்கு கிராம் கணக்கை வாசகர் நினைவுபடுத்திக் கொள்வாராக.

சூளையும் விரியனும்

இருளருக்குச் சிறுநீரகம் கெடுவதற்கான வழிகள் எவை? முதலாவது, வெயிலும் உழைப்பும். செங்கல் அறுப்பதும் சூளை அடுக்குவதும் தை மாதத்திலிருந்து கோடை முடிய நடக்கும் தொழில். நெருப்பின் பக்கத்தில், நிழலின்றி, போதிய குடிநீரின்றி வேலை செய்பவனுடைய சிறுநீரகம் நாள்தோறும் வறள்கிறது. தமிழ் நாட்டு உப்பளத் தொழிலாளரிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் செய்த ஆராய்ச்சி, இந்த உஷ்ணத்துக்கும் சிறுநீரகத் தளர்ச்சிக்கும் உள்ள உறவைத் தெளிவாக எடுத்துக் காட்டியது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரக நிபுணர்கள் நம் மாகாணத்து விவசாயத் தொழிலாளரைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு ஐந்து பேருக்குச் சற்று அதிகமாகவே நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கக் கண்டார்கள். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு நீரிழிவோ இரத்தக் கொதிப்போ கிடையாது. கொழுத்த உணவால் வரும் வியாதி என்று இதை இனிச் சொல்ல முடியாது.

உடம்பு வலி தாங்காமல் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரை இரண்டாவது. அது வறண்ட சிறுநீரகத்தை மேலும் அடிக்கிறது. இரைப்பையைப் புண்ணாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் இரத்தத்தையும் கசிய விடுகிறது. ஒரே மாத்திரை இரு நோய்க்கும் வித்து.

மூன்றாவது, கண்ணாடி விரியன். இருளரைப் பற்றி எழுதும்போது பாம்பைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 1978-இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் ஏற்பட்டது. அங்கே எடுக்கும் விஷத்திலிருந்து தயாரான மாற்று மருந்து தேசமெங்கும் உயிர்களைக் காத்திருக்கிறது. 2023-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துத் தேசம் தன்னைக் கௌரவித்துக் கொண்டது. ஆனால் வயலிலும் வரப்பிலும் செருப்பின்றி நடப்பவரைத்தான் விரியன் முதலில் தீண்டுகிறது. அதன் விஷம் இரத்தத்தை உறையவிடாமல் செய்வதோடு சிறுநீரகத்தையும் தாக்கும். பிழைத்து எழுந்தவர்களிலும் சிலருக்குச் சிறுநீரகம் முழுதும் மீள்வதில்லை. கடித்த உடனே ஆஸ்பத்திரிக்குப் போனவனுக்கும், மறுநாள் போனவனுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும்.

நான்காவது காரணம் பிறப்பதற்கு முன்பே தொடங்குவது. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள டிவி தீவுகளில் வாழும் ஆதிக்குடிகளிடம் சிறுநீரக நோய் மிகுதியாக இருப்பதை டாக்டர் வெண்டி ஹாய் அம்மையார் பல வருஷங்கள் ஆராய்ந்தார். எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டி நுண்குழல்களும் குறைவாகவே அமைகின்றன. வயது ஏறும்போது அந்தக் குறைந்த முதலீடு சீக்கிரம் தீர்ந்துபோகிறது. கர்ப்ப காலத்தில் இரும்பு போதாத தாய் எலிகளின் குட்டிகளுக்கும் இவ்வாறே நிகழ்வது சோதனைச் சாலையில் தெரிந்த விஷயம். ஆகவே, கர்ப்பிணியான ஓர் இருளப் பெண்ணுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரை அவளுடைய சோகைக்கு மட்டும் மருந்து என்று எண்ணலாகாது.

தொழிற்பேட்டைப் பகுதியாதலால் ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் உருக்கும் தொழிலில், தகுந்த காப்பு இல்லையேல், இரத்த சோகையும் சிறுநீரகக் கேடும் ஒருங்கே வரும். அவ்வகை வேலைக்குச் சென்று வந்தவர்களை டாக்டர்கள் கேட்டறிந்து, இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்ப்பது அவசியம்.

இரும்பு எனும் மருந்து

சிகிச்சைக்கு வருவோம். ஆண்களுக்கு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைவாக ஹீமோகுளோபின் இருந்தால் சோகை என்பது வைத்தியர்களின் கணக்கு. கண்டவுடன் இரும்பு கொடுத்துவிடலாமா? கொடுக்கலாகாது. முதலில், எந்தச் சோகை என்று அறிய வேண்டும். நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் வடிவ இரத்த அணு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-இல் வெளியிட்டார்கள். மலையில் வாழும் இருளரும் சமவெளி இருளரும் பெயரால் ஒன்றாயினும் வாழ்க்கையால் வேறு. எனினும், ஒரு முறை இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிடுவதில் நஷ்டமில்லை. அரிவாள் அணு நோயும் சிறுநீரகத்தைக் கெடுப்பதே. அதற்கு இரும்பைத் திணிப்பதால் பயனில்லை.

எல்லாச் சோகையும் இரும்புக் குறைவு ஆகாது என்பதை நம் சென்னையிலேயே கண்ட ஒருவர் உண்டு. லூஸி வில்ஸ் என்ற ஆங்கில அம்மையார் 1928-இல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-இல் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயரால் வழங்கும் ஆஸ்பத்திரியிலும் அவர் வேலை பார்த்தார். மலிவான ஈஸ்ட் சாரத்தைக் கொடுத்தவுடன் அந்தப் பெண்களின் இரத்தம் தேறிற்று. அதிலிருந்த சத்துத்தான் இன்று போலிக் அமிலம் என்று நாம் அறிவது. சர்க்கார் கொடுக்கும் இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புடன் போலிக் அமிலமும் கலந்திருப்பதற்கு இந்த அம்மையாரின் உழைப்பு ஒரு காரணம்.

இரண்டாவதாக, குடலில் கொக்கிப் புழு உண்டா என்று பார்க்க வேண்டும். வெறுங்காலுடன் ஈர மண்ணில் நிற்பவரின் பாதத்தைத் துளைத்து ஏறி, குடலில் பல்லைப் பதித்து இரத்தம் உறிஞ்சும் இந்தப் புழு, மாத்திரையால் ஊட்டும் இரும்பையெல்லாம் மறு பக்கம் களவாடிவிடும். ஒரு வேளை அல்பெண்டஸோல் மாத்திரையும், ஒரு ஜோடிச் செருப்பும் இங்கே பெரிய மருந்துகள்.

மூன்றாவது, கணக்கிலே ஏமாறக் கூடாது. சிறுநீரகத்தின் நிலையைக் கிரியாட்டினின் என்ற பொருளின் அளவால் மதிப்பிடுகிறார்கள். அது தசையிலிருந்து வருவது. மெலிந்து எலும்பும் தோலுமாக இருப்பவனுக்குத் தசையே சொற்பமாதலால், சிறுநீரகம் பாதி கெட்ட பின்னும் கிரியாட்டினின் சாதாரணமாகவே காணப்படும். அவ்வாறே, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் என்ற அளவு, தொற்று நோயும் அழற்சியும் உள்ளவரிடம் பொய்யாக உயர்ந்து தோன்றும். 'இவருக்கு இரும்பு நிறைய இருக்கிறது' என்று காகிதம் சொல்லும். மஜ்ஜையோ பட்டினி கிடக்கும். ஆஸ்திரேலியாவின் வடபகுதி ஆதிக்குடிகளிடம் இதே தொல்லை தலைதூக்கியது. டார்வின் நகரத்து மென்ஸீஸ் ஆராய்ச்சி நிலையத்தார், பெரிட்டின் மிக உயர்ந்த டயாலிஸிஸ் நோயாளிகளுக்கும் இரும்பு ஊசி கொடுக்கலாமா என்பதைத் தீர்க்க, அந்த மக்களிடமே ஒரு தனிச் சோதனையை மேற்கொண்டார்கள். வேறு மக்களை வைத்து வகுத்த விதியை இவர்கள் மேல் சுமத்தாமல், இவர்களுக்கு எது பொருந்தும் என்று இவர்களிடமே கேட்டறிந்த அந்த முறை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் இருளருக்கும் அப்படி ஓர் ஆராய்ச்சி வேண்டும்.

நோய் முற்றாத நிலையில் மாத்திரையே போதும். வெறும் வயிற்றில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்டால் குடல் அதை நன்கு ஏற்கிறது என்று அண்மைக் காலத்து ஆராய்ச்சிகள் கூறுகின்றன. தேநீருடனோ பாலுடனோ சேர்த்து விழுங்கினால் பாதி வீண். டயாலிஸிஸ் நிலைக்கு வந்தவருக்கு மாத்திரை பெரும்பாலும் பலிப்பதில்லை. நரம்பு வழி இரும்பு ஊசியே வேண்டும். இதை எவ்வளவு கொடுப்பது என்பதில் நெடுங்காலம் தர்க்கம் இருந்தது. பிரிட்டனில் 2,141 நோயாளிகளை வைத்து நடந்து 2019-இல் வெளியான பெரிய சோதனை, தாராளமாக முன்கூட்டியே கொடுப்பதே நல்லது என்று காட்டிற்று. ஆனால் காசநோயோ, கடுமையான சீழ்த் தொற்றோ இருக்கும்போது இரும்பு ஊசி ஆகாது; கிருமிகளுக்கும் இரும்பு பிரியம்.

இரும்பு நிறைந்த பின்னும் சோகை நீங்காவிட்டால்தான் எரித்ரோபொயட்டின் ஊசி. அதிலும் பேராசை கூடாது. ஹீமோகுளோபினைச் சாதாரண மனிதருக்குரிய அளவுக்கே உயர்த்திவிடலாம் என்று முனைந்தபோது, பக்கவாதமும் இருதயக் கோளாறும் அதிகமாயின. 2006-லும் 2009-லும் வெளியான சோதனைகள் இதை உலகுக்கு அறிவித்தன. பத்துக்கும் பதினொன்றரைக்கும் இடையில் நிறுத்துவதே இப்போது பொதுவான வழக்கம். ஊசியை வேண்டாதவர்க்கு வாயால் உண்ணும் மருந்தும் வந்திருக்கிறது. 2022-இல் இந்தியக் கம்பெனி ஒன்றே தயாரித்த 'டெஸிடுஸ்டாட்' இந்த வகையைச் சேர்ந்தது. இரத்தம் ஏற்றுவது கடைசி உபாயம். பிறருடைய இரத்தம் ஏறியவருக்குப் பின்னால் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது கடினமாகும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. சோகைக்காரனுக்கு முருங்கைக் கீரையும் பேரீச்சம் பழமும் பருப்பும் தின்னச் சொல்கிறோம். சிறுநீரகம் முற்றிக் கெட்டவனுக்கோ இவற்றிலுள்ள பொட்டாஸியம் இருதயத்தை நிறுத்திவிடக்கூடிய விஷம். சூளை வெயிலில் தாகத்துக்குப் பருகும் இளநீரும் அப்படியே. கீரையை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேக வைத்து, நீரை வடித்துவிட்டு உண்ணலாம். நோய் முற்றாதவர்க்கு இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. வீணாகப் பயமுறுத்திப் பட்டினி போடக் கூடாது. இருளர் பரம்பரையாக உண்ணும் நண்டு, நத்தை, சிறு மீன், வயல் எலி ஆகியவற்றில் உள்ள இரும்பு, கீரை இரும்பைவிடச் சுலபமாக உடம்பில் சேர்வது. பட்டணத்து நாகரிகர்கள் முகம் சுளிக்கும் அந்த ஆகாரம், சாஸ்திரத்தின் கண்ணில் மிகவும் உயர்ந்தது. ஏரிகள் வற்றி வயல்கள் மனைகளாகிவிட்டதால் அதுவும் இப்போது குறைந்துவருகிறது.

யார் போவது, எப்படிப் போவது?

மருந்து இருக்கிறது, வழி இருக்கிறதா? டயாலிஸிஸ் என்றால் வாரம் இரண்டு மூன்று நாள். சர்க்காரின் காப்பீட்டுத் திட்டம் செலவை ஏற்கும். ஆனால் அதற்குக் குடும்ப அட்டை வேண்டும். வருமானச் சான்று வேண்டும். பழங்குடியினர் என்று சாதிச் சான்றிதழ் பெறவே அலைந்து களைத்த குடும்பங்கள் இவை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. அதன் பிறகும் திருவள்ளூர், காஞ்சீபுரம் பகுதிகளின் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளக் குடும்பங்களை அதிகாரிகள் மீட்க வேண்டியிருந்தது. முன்பணம் வாங்கிவிட்டு முதலாளியின் அனுமதியின்றி வாசலைத் தாண்ட முடியாதவன், ஐம்பது கிலோமீட்டர் ரயிலேறி ராயபுரத்துக்கு அருகிலுள்ள ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வாரம் மூன்று முறை எப்படிப் போவான்? வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்துகொள்ளும் டயாலிஸிஸ் பைகளை வீடு தேடிக் கொண்டுவந்து கொடுப்பதும், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேர்ந்திருந்தது. அருமையான யோசனை. ஆனால் அதற்குச் சுத்தமான ஓர் அறையும், கை கழுவ நல்ல தண்ணீரும், பைகளை அடுக்க இடமும் வேண்டும். ஓலைக் கூரைக்குக் கீழே இவற்றை எங்கே தேடுவது?

ஆகையால், டயாலிஸிஸ் வரைக்கும் போகவிடாமல் முன்னதாகவே பிடிப்பதுதான் இவர்களுக்கு உகந்த வைத்தியம். இது நடக்கக் கூடிய காரியமே என்பதைச் சென்னை டாக்டர் எம். கே. மணி செய்து காட்டியிருக்கிறார். சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில், பள்ளிப் படிப்பு மட்டும் படித்த பெண்களைப் பழக்கி, வீடு வீடாக அனுப்பி, மூத்திரத்தைச் சோதிக்கவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் செய்தார். நோய் கண்டவர்களுக்கு மிக மலிவான பழைய மாத்திரைகளையே கொடுத்தார். 2003-இல் உலகச் சிறுநீரக நிபுணர்களின் பத்திரிகையில் அவர் அதை எழுதியபோது, ஏழை நாடுகளுக்கெல்லாம் அது ஒரு முன்மாதிரியாக அமைந்தது. கூடலூரில் 1990 முதல் ஆதிவாசிப் பெண்களையே தாதிகளாகப் பழக்கி வைத்தியம் செய்துவரும் அஸ்வினி ஸ்தாபனத்தாரின் ஆஸ்பத்திரி, இதற்குத் துணை நிற்கும் இன்னொரு சாட்சி.

திருவள்ளூருக்கும் இப்போது ஒரு சர்க்கார் மருத்துவக் கல்லூரி உண்டு. 2022 ஜனவரியில் திறந்து வைத்தார்கள். அதன் மாணவர்கள் சூளைக்கே போகலாம். இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு. மாசி மகப் பௌர்ணமியன்று பல ஜில்லாக்களிலிருந்தும் இருளர்கள் மாமல்லபுரத்துக் கடற்கரையில் வந்து கூடி, மணலிலே இரவு தங்கி, விடியற்காலையில் தங்கள் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். கல்யாணங்களையும் பேசி முடிக்கிறார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள் எந்த முதலாளியும் அவர்களைத் தடுப்பது கடினம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம், ஒரு சிறு குப்பியில் மூத்திரம், கையில் இரத்த அழுத்தம், பெயரும் ஊரும் எழுதிய ஓர் அட்டை, பொட்டலத்தில் இரும்பு மாத்திரை: இவற்றோடு பத்து டாக்டர்களும், அவர்கள் பாஷையைப் பேசும் இருபது இருளப் பெண்களும் அந்த மணலில் உட்கார்ந்தால், விடிவதற்குள் எத்தனையோ பேரைப் பார்த்துவிடலாம். அடுத்த மாசி மகத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.